தலைவரை மாற்றினால் போதுமா? கழகக் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி ஒரே மாதிரியான செய்தி வருகிறது. 'விளையாட்டுக் கழகத்தின் புதிய நிர்வாகம் தெரிவு' என்று தலைப்பு. கீழே போசகர் முதல் மைதானப் பொறுப்பாளர் வரை பெயர்கள், பக்கத்தில் மாலையோடு ஒரு படம். அடுத்த ஆண்டு அதே கழகத்துக்கு வேறு பெயர்கள். வன்னியில் ஒரு கழகம் தொடர்ந்து தோற்றால் முதலில் பயிற்றுவிப்பாளர் போவார், பிறகு தலைவர் போவார். அப்படியும் சரிவராவிட்டால் கழகம் இரண்டாக உடையும். பெயருக்கு முன்னால் 'நியூ' என்று சேர்த்துக்கொண்டு இன்னொரு கழகம் பதிவுக்கு விண்ணப்பிக்கும். ஊரில் இருப்பதோ ஒரு மைதானமும் இருபது இளைஞர்களும்தான்.

இதை எழுதத் தூண்டியது கடல் கடந்த ஒரு விளையாட்டு. சிட்னியின் மேற்குப் புறத்தில், வென்ற்வேர்த்வில், ரூங்காபி பகுதிகளில் எங்கள் சனம் நிறைய இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் றக்பி லீக் ரசிகர்களாகி, தங்கள் கழகம் தோற்றால் நாங்கள் உதைபந்தாட்டத்துக்குப் படும் அதே வேதனையைப் படுகிறார்கள். கண்டியிலும் கொழும்பிலும் ஆடப்படும் பதினைந்து பேர் றக்பி வேறு, இது பதின்மூன்று பேர் ஆடுவது. அந்த விளையாட்டின் கழகங்கள் விழுந்ததையும் எழுந்ததையும் பார்த்தால் எங்கள் கழகங்களின் நோய் தெளிவாகத் தெரியும்.

முதலில் அவுஸ்திரேலிய றக்பி லீக் பயிற்றுவிப்பாளர் ஒருவரின் கதை. ஐவன் கிளியரி 2012 முதல் மேற்கு சிட்னியின் பென்ரித் கழகத்தைப் பயிற்றுவித்தார், 2015 முடிவில் நீக்கப்பட்டார். 2017இலும் 2018இலும் சிட்னியின் இன்னொரு கழகமான வெஸ்ற்ஸ் டைகர்ஸில் இருந்தார். அங்கே இறுதிச்சுற்றுத் தொடரின் வாசலைக்கூட அவரால் மிதிக்க முடியவில்லை. 2019இல் பென்ரித் அவரைத் திரும்ப அழைத்தது. 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டு தொடர்ச்சியாகக் கிண்ணம். ஆள் ஒருவர்தான், கழகம்தான் வேறு. இடைப்பட்ட காலத்தில் பென்ரித் தன் சுற்றாடல் பையன்களைச் சிறுவர் அணியிலிருந்தே வளர்த்துக்கொண்டிருந்தது. பயிற்றுவிப்பாளர் திரும்பி வந்தபோது அவர் கையில் கொடுக்க ஒரு தலைமுறை தயாராக இருந்தது.

டைகர்ஸ் கழகம் என்ன செய்தது? 2005இல் கிண்ணம் வென்ற கழகம் அது. 2011இற்குப் பிறகு 2024 வரை ஒரு தடவையேனும் இறுதிச்சுற்றுத் தொடருக்குப் போகவில்லை. 2022, 2023, 2024 மூன்றிலும் கடைசி இடம். 2022 நடுவில் பயிற்றுவிப்பாளர் மைக்கல் மகுவயரை நீக்கினார்கள். 2005 கிண்ணத்தை வென்றுகொடுத்த ரிம் ஷீன்ஸைத் திரும்ப அழைத்தார்கள். கடைசி இடம். அந்தக் கிண்ண அணியின் நட்சத்திரம் பெஞ்சி மார்ஷலிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். முதல் ஆண்டு மீண்டும் கடைசி இடம். 'பழைய விளையாட்டு வீரர்களைக் கூப்பிடுவோம், கழகம் எழும்பும்' என்று எங்கள் ஊர்க் கூட்டங்களில் எழும் குரலுக்கு இது நல்ல பாடம். 2023 முடிவில்தான் அங்கே சரியான கேள்வி கேட்கப்பட்டது. வெளியாட்கள் இருவரைக் கொண்டு நிர்வாகத்தையே ஆராய்ந்தார்கள். இயக்குநர் சபை மாறவேண்டும், அதில் வெளியிலிருந்து வரும் சுயாதீனமானவர்கள் பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. அந்த மார்கழியிலேயே சபைத் தலைவரும் நிறைவேற்று அதிகாரியும் விலகினார்கள். பயிற்றுவிப்பாளரை அந்தத் தடவை தொடவில்லை. 2025இல் கடைசி இடம் அவர்களைவிட்டுப் போனது.

பணத்தில் கோளாறு இருந்தால் நல்ல பயிற்றுவிப்பாளரும் நல்ல அணியும் இருந்தும் பயனில்லை. இங்கிலாந்தின் சல்பேர்ட் றக்பி லீக் கழகம் 1873இல் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் முதல்தரத் தொடரான சுப்பர் லீக்கில் 2024இல் நான்காம் இடம் பிடித்தது. 2025 மாசியில், பருவத்தின் முதல் ஆட்டத்தில், சென்ற் ஹெலன்ஸ் அணியிடம் 82-0 என்று தோற்றது. பயிற்றுவிப்பாளர் மாறவில்லை, இரண்டு ஆண்டும் போல் ரௌலி என்பவர்தான். கழகத்தின் நிதி நிலைமை காரணமாக வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகை 12 இலட்சம் பவுண்ஸுக்குள் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் இளம் வீரர்களை வைத்தே அந்த அணி களமிறங்கியது. புதிய உரிமையாளர்கள் வந்தும் சம்பளம் தாமதமாகியது, வீரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், மார்கழியில் வரிக் கடனுக்காக நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட்டது.

அதே நாட்டின் பிரட்பேர்ட் கழகத்தின் வரலாறு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1997, 2001, 2003, 2005 ஆண்டுகளில் சம்பியன். 2012இல் பணமில்லாமல் தள்ளாடியபோது ரசிகர்களிடம் கையேந்தியது. சில நாள்களுக்குள் ஐந்து இலட்சம் பவுண்ஸ் வரை சேர்ந்தது. அதே ஆண்டு ஆனியில் கழகம் முறிந்து நிர்வாகப் பொறுப்பாளரிடம் போனது. 2014இலும் 2016இலும் மறுபடி அதே கதி. 2017 தை மாதம் கலைக்கப்பட்டது. பணம் கொடுத்த ரசிகர்கள் மீது பிழையே இல்லை. பானையின் ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள் மீதுதான் பிழை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் எங்கள் கழகங்களுக்குப் பணம் அனுப்பும் உறவுகள் பிரட்பேர்ட்டை மறக்கக்கூடாது.

எங்கள் பானையின் ஓட்டை எங்கே? பெரும்பாலும் சுற்றுப்போட்டிக் கணக்கில்தான்.

உதாரணத்துக்கு 32 அணிகளின் விலகல் முறைச் சுற்றுப்போட்டி ஒன்றை எடுப்போம். நுழைவுக் கட்டணம் அணிக்கு 3,000 ரூபா என்றால் 96,000 ரூபா வரவு. மொத்தம் 31 ஆட்டங்கள். நடுவர் கொடுப்பனவு, பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, ஒலிபெருக்கி, மின்னொளி என்றால் ஜெனரேற்றருக்கு டீசல், தண்ணீர், சாப்பாடு, கிண்ணம், பரிசுப்பணம் எல்லாம் செலவு. காகிதத்தில் எளிய கணக்குத்தான். மைதானத்தில் நடப்பது வேறு. காலையில் மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று கட்டணம் வாங்குவார்கள். சில அணி பாதியைக் கொடுத்து மிச்சத்தைப் பிறகு தருவதாகச் சொல்லும். தெரிந்த அணி ஒன்று சும்மா ஆடும். பற்றுச்சீட்டு எழுத நேரமிருக்காது. முதற்பரிசுக்கு ஒருவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சம்மதம் சொல்லியிருப்பார், இறுதியாட்டம் வரை காசு வந்திராது. பொருளாளர் கடையொன்றில் கைமாற்று வாங்கிப் பரிசைக் கொடுப்பார். இரண்டு கிழமை கழித்து அந்தப் பணம் தலைவரின் சொந்தக் கணக்குக்கு வரும். அவர் கடைக்காரருக்குக் கொடுத்துக் கடனை முடிப்பார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் கழகப் புத்தகத்தில் அந்தத் தொகை வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்காது. 'களவு' என்ற சொல் அங்கேதான் பிறக்கிறது. கழகம் உடைவதும் அந்தச் சொல்லிலிருந்துதான்.

இதைத் தடுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. தொடரிலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றே ஒன்று, அதைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே. பதிவு முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே முடியவேண்டும். பற்றுச்சீட்டு இலக்கம் இல்லாத அணியின் பெயர் குலுக்கலுக்குள் போகக்கூடாது. இந்த ஒரு விதியே பாதிச் சண்டையைத் தீர்க்கும். பரிசுத்தொகை கழகக் கணக்கில் விழுந்த பிறகுதான் அதைத் துண்டுப்பிரசுரத்தில் போடவேண்டும். ஒவ்வொரு நாள் மாலையும் இருவர் காசை எண்ணி, தொகையை எழுதி, ஒப்பமிட்டு, மறுநாள் வங்கியில் இட வேண்டும். வரவிலிருந்தே நேரடியாகச் செலவு செய்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய்.

வங்கிக் கணக்கு கழகத்தின் பெயரில் இருக்கவேண்டும். ஒப்பமிட அதிகாரமுள்ளவர் மூவர், எந்தக் காசோலையிலும் இருவரின் ஒப்பம், அதில் ஒருவர் பொருளாளர். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக்கூடாது. தானியங்கி அட்டை எடுக்கவே வேண்டாம், அட்டைக்கு இரண்டு ஒப்பம் தேவைப்படாது.

நிர்வாகம் மாறும் நாளில் நடக்கும் தவறும் கவனிக்க வேண்டியது. பல இடங்களில் பழைய நிர்வாகத்தை முதலில் கலைத்துவிட்டு, தற்காலிகத் தலைவர் ஒருவரை வைத்துத் தெரிவை நடத்திவிட்டு, 'கணக்கைப் பிறகு ஒப்படையுங்கள்' என்பார்கள். அந்தப் 'பிறகு' வருவதேயில்லை. கணக்கறிக்கை வாசிக்கப்பட்டு, சபை ஏற்று, கூட்டக் குறிப்பில் எழுதப்பட்ட பின்பே கலைக்கவேண்டும். அந்த மேசையிலேயே கைமாற வேண்டியவை: கூட்டக் குறிப்பேடு, காசேடு, வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள், பதிவுச் சான்றிதழ், யாப்பின் பிரதி, மைதானக் காணி தொடர்பான கடிதங்கள், றப்பர் முத்திரை, வீரர் பதிவுப் பத்திரங்கள், பந்து, வலை, சீருடை எண்ணிக்கை. இந்தக் காலத்தில் கழகத்தின் முகநூல் பக்கமும் வட்ஸ்அப் குழுமமும் சேர்த்துத்தான். முகநூல் பக்கம் பழைய செயலாளரின் கையில் நின்றுவிட்டால் ஊருக்கு இரண்டு கழகம் இருப்பதுபோல் ஆகிவிடும்.

வாக்களிப்பவர் பட்டியலும் முக்கியம். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு முப்பது பேருக்குச் சந்தா கட்டி அங்கத்தவராக்கும் வழக்கம் இருக்கும் வரை எந்தத் தெரிவும் நிலைக்காது. மூன்று மாதம் முன்பே சந்தா செலுத்தியவருக்கே வாக்கு என்று யாப்பில் எழுதுங்கள். கூட்டநடப்பெண்ணையும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பதையும், எழுதுங்கள். சவுத் சிட்னி றக்பி லீக் கழகத்தை 2006இல் நடிகர் ரசல் குரோவும் வர்த்தகர் பீற்றர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டும் வாங்க முன்வந்தபோது, வாக்களிக்கும் அங்கத்தவரில் 75 வீதம் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. கிடைத்தது 75.8 வீதம். மயிரிழை வித்தியாசம், ஆனாலும் முடிவு நின்றது, ஏனென்றால் யார் அங்கத்தவர் என்பதில் தெளிவு இருந்தது. கழகத்தின் 25 வீத உரிமை அங்கத்தவர் கையிலேயே இருந்தது. 1971இற்குப் பின் 43 ஆண்டு காத்திருந்த கிண்ணம் 2014இல் வந்தது.

எல்லாரையும் ஒரே நாளில் மாற்றுவதையும் கைவிடலாம். நிர்வாக சபையில் பாதிப்பேர் ஓராண்டு, மறுபாதி அடுத்த ஆண்டு என்று மாறினால் எந்த ஆண்டும் பழையதை அறிந்தவர் மேசையில் இருப்பார். பொருளாளர் மட்டும் தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. பயிற்றுவிப்பாளருக்கு இரண்டு பருவமாவது கொடுங்கள், அணித்தெரிவில் தலைவரோ செயலாளரோ கைவைக்கக்கூடாது. காலபோக அறுவடை நேரத்தில் பயிற்சிக்கு ஆள் வரவில்லை என்று அவரைக் குறைசொல்வதும் நியாயமில்லை.

வராத வீரனையும் குறைசொல்ல முடியாது. கூலி வேலைக்குப் போகும் பையன் ஆட்டத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். றக்பி லீக் பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் விளையாட வரும் நாளில் இழக்கும் கூலியை ஈடுசெய்ய றக்பியின் லண்டன் தலைமை மறுத்தது. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகர ஹோட்டல் ஒன்றில் வடக்குக் கழகங்கள் கூடிப் பிரிந்து சென்றன. நாளுக்கு ஆறு சிலிங் வரை இழப்பீடு என்று தீர்மானித்தன. எங்கள் கழகங்களும் சுற்றுப்போட்டி வரவில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி, யாருக்கு எவ்வளவு என்று காசேட்டில் வெளிப்படையாக எழுதலாம். மறைத்துக் கொடுத்தால் கெடும். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் ஸ்ரோம் கழகம், ஒரு கழகம் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் எல்லையை மீறி இரகசியமாகக் கொடுத்ததால் 2007, 2009 கிண்ணங்களை 2010இல் இழந்தது. வென்ற்வேர்த்வில் பக்கத்துக் கழகமான பரமற்றா அதேவகைக் குற்றத்துக்காக 2016இல் 12 புள்ளிகளை இழந்து பத்து இலட்சம் டொலர் தண்டமும் கட்டியது. பரமற்றா கடைசியாகக் கிண்ணம் எடுத்தது 1986இல். வென்ற்வேர்த்வில் பிள்ளைகள் இன்றும் காத்திருக்கிறார்கள்.

மேலிருந்து யாராவது வந்து திருத்துவார்கள் என்றும் இருக்கமுடியாது. 2023இல் மட்டும் இலங்கையின் உதைபந்தாட்டத்தைப் பீபாவும், றக்பியை உலக றக்பிச் சபையும், துடுப்பாட்டத்தை ஐசிசியும் இடைநிறுத்தின. கணக்கும் கூட்டமும் ஊரில்தான் ஒழுங்காக வேண்டும்.

ஆசிரியரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். புதிய நிர்வாகத் தெரிவுச் செய்தியை அனுப்பும் கழகங்களிடம் பெயர்களோடு மூன்று வரிகள் கேளுங்கள்: கணக்கறிக்கை எந்தத் திகதியில் சபையால் ஏற்கப்பட்டது, கையளிக்கப்பட்ட வங்கி மீதி எவ்வளவு, வாக்களித்த அங்கத்தவர் எத்தனை பேர். மூன்றும் இல்லாத செய்தியை அவை வரும் வரை நிறுத்திவையுங்கள். படத்தைச் சிறிதாக்கினால் அந்த மூன்று வரிக்கும் இடம் கிடைக்கும்.

இங்ஙனம்,
உதைபந்தாட்ட ரசிகர்கள் சிலர்,
விசுவமடு.