தொட்டி மண் பற்றி மல்லிகாவுக்கு

பொள்ளாச்சி,
ஆனி மாதம்.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மடிப்பாக்கம் வீட்டுக்குக் குடிபோனது, பேத்திக்குப் பல் முளைத்தது, உன் முழங்கால் வலி குறைந்தது எல்லாம் படித்து சந்தோஷம். காலுக்குத் தைலம் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிடாதே.

இங்கே சேதி என்றால் தென்னைதான். வேர் வாடல் நோய் எங்கள் தோப்புக்குள்ளும் வந்துவிட்டது. கீற்றெல்லாம் உள்பக்கமாக வளைந்து, மஞ்சளடித்து, குரும்பை உதிர்கிறது. ஏற்கெனவே வெள்ளை ஈ உறிஞ்சிப் போட்ட மரங்கள். இந்த நோய்க்கு மருந்து இல்லை, ரொம்பவும் பாதித்த மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் நட்டு வளர்த்த மரங்கள். வெட்டும்போது பக்கத்தில் நிற்க மாட்டேன் என்று டவுனுக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் ஜாதிக்காய் வைக்கலாமா என்று இப்போதுதான் கொஞ்சம் வாய் திறந்து பேசுகிறார்.

சரி, உன் மொட்டை மாடித் தக்காளிக்கு வருகிறேன். லாரிக்காரரிடம் செம்மண் வாங்கி, தொட்டிக்கு அடியில் செங்கல் ஜல்லி போட்டு, மேலே மண்ணும் சாணியும் நிரப்பினாய். பத்து நாளில் இலை மஞ்சளாகி, தினமும் தண்ணீர் விட்டும் வாடுகிறது என்கிறாய். பசியால் வாடவில்லை மல்லிகா, மூச்சு முட்டி வாடுகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார். வேர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வரும்.

தோட்டத்து மண் தரையில் இருக்கும்வரை நல்ல மண்தான். கீழே ஆழம் இருக்கிறது, மண்புழு துளை போடுகிறது, தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. அதே மண்ணை ஒரு அடி உயரத் தொட்டியில் அடைத்தால் தண்ணீர் அடியில் தேங்கி நிற்கும். துளை இருந்தாலும் நிற்கும். இதை நீயே பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கை வசமாகப் பிடி. சொட்டு நின்றதும் அதை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடி, மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் குறைந்தால் ஈரம் பிடித்து வைப்பது அதிகமாகும், அவ்வளவுதான் கணக்கு. ஜல்லி போட்டாலும் இதேதான். மேலே இருக்கிற பொடி மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். அதனால் சகதி அடியிலிருந்து மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஜல்லியை எடுத்துவிடு. துளையை அடைக்காமல் ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

அதனால் தொட்டி மண் கலக்கும்போது நான் முதலில் பார்ப்பது காற்றோட்டம். சத்தை அப்புறம் கூடக் கொடுத்துக்கொள்ளலாம், செடி வைத்த பிறகு காற்றைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. அதிலும் உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிக் கொட்டும் என்று உனக்கே தெரியும்.

நான் கலக்குகிற விதம் இது. மண் அள்ளும் சட்டிதான் அளவு. தென்னை நார்க்கழிவு (தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்) நாலு சட்டி, மண்புழு உரம் மூன்று சட்டி, செம்மண் இரண்டு சட்டி, கருக்கிய உமி ஒரு சட்டி. உமி கிடைக்காவிட்டால் கழுவிய பெருமணல் போடு. செம்மண்ணை இதற்கு மேல் கூட்டாதே. எடை ஒரு காரணம்: ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டட விதிப்படி சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம்தான் கணக்கு. 20 லிட்டர் பை முழுக்கச் செம்மண் நிரப்பி நனைத்தால் அது ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும், என் கலவையில் இருபது கிலோ வாக்கில் அடங்கும். இன்னொரு காரணம், அந்த மண் எங்கிருந்தோ சுரண்டி வந்த மேல்மண். ஒரு ஊரின் வயலை மொட்டையாக்கி நம் மாடியைப் பச்சையாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

நார்க்கழிவில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கடையில் 5 கிலோ கட்டியாக வரும், ஊறினால் அறுபது லிட்டருக்குக் குறையாது. ஊறியதும் அப்படியே போட்டுவிடக் கூடாது. அதில் உப்பு உண்டு. தண்ணீரில் ஊறவைத்துப் பிழி, முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். நிறம் வெளுக்கும்வரை மாற்றி மாற்றி அலசு. உன் போர் தண்ணீர் உப்பு என்று எழுதியிருந்தாய், அதில் அலசிப் பயனில்லை. லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள். கடைசி அலசலில் ஒரு பிடி ஜிப்சம் கரைத்து ஒரு ராத்திரி விட்டுவிடு. நார்க்கழிவு சுண்ணாம்புச் சத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலிலேயே அதன் பங்கைக் கொடுத்துவிட்டால் பிறகு தக்காளியின் பங்கில் கை வைக்காது. முட்டை ஓடு போட்டிருப்பதாக எழுதினாய். போடலாம், ஆனால் மாவாக அரைத்துப் போட்டாலும் கரைய மாசக்கணக்காகும்.

சின்ன வயசில் பொள்ளாச்சி ரோட்டோரம் மலை மலையாகக் குவிந்து கிடக்குமே, மழையில் நாறி, வெயிலில் தீப்பிடித்து, அந்த நார்க்கழிவுதான் இன்று கட்டியாகிக் கப்பலேறிப் போகிறது. இங்கிலாந்தில் 1930களில் ஜான் இன்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டிக்கென்றே ஒரு கலவை வகுத்தார்கள்: வண்டல் மண் 7 பங்கு, பீட் 3 பங்கு, மணல் 2 பங்கு. பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசி மக்கிப் படிந்தது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அதை வெட்டி வெட்டிச் சதுப்பு நிலமே அழிகிறது என்று தெரிந்த பிறகு நம் ஊர் நார்க்கழிவைத் தேடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் இங்கே ஆலைகள் அலசி விடுகிற தண்ணீர் கிணறுகளில் இறங்கி நிறம் மாறுகிறது என்கிற புகாரும் கூடவே இருக்கிறது. நீ அலசும் தண்ணீரையும் செடியின் தூரில் ஊற்றாதே.

இனி சாப்பாட்டுப் பகுதி. 20 லிட்டர் பைக்கு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத் தூள் 50 கிராம், விறகுச் சாம்பல் ஒரு பிடி. சாம்பலைக் கூட்டினால் மண் காரமாகிவிடும், பார்த்துக்கொள். புண்ணாக்கு தழைச்சத்தும் தரும், வேர்முடிச்சு நூற்புழுவையும் அடக்கும். டிரைக்கோடெர்மா விரிடி என்கிற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி மண்புழு உரத்தில் கலந்து வை. நாற்றழுகல், வாடல் இரண்டுக்கும் அது காவல்.

எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டிப் புரட்டிக் கலந்து, தண்ணீர் தெளி. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கு. விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும், கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். அதோடு அவசரப்பட்டு நாற்றை நடாதே. ஈரச் சாக்கு போட்டு மூடி நிழலில் பதினைந்து நாள் வை. உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், மூக்கைச் சுளிக்க வைக்கிற காட்டம் அடிக்கும். பச்சைப் புண்ணாக்கு மக்கும்போது வருகிற அந்தச் சூடும் காட்டமும் இளம் வேரைப் பொசுக்கிவிடும். இடையில் இரண்டு தரம் புரட்டிக் கொடு. மேலே வெள்ளையாக நூல் படர்ந்தால் பயப்படாதே, மண் வேலை செய்கிறது என்று அர்த்தம். காட்டம் போய் மண்வாசனை வந்ததும் ஒரு டம்ளரில் அள்ளி நாலு வெந்தயம் போட்டுப் பார். முளைத்து, வேர் நுனி கருகாமல் வெள்ளையாக இருந்தால் நாற்று வைக்கலாம்.

கடையில் ரெடியாக விற்கும் கலவை வாங்கலாமா என்று கேட்டாயே. வாங்கலாம், ஆனால் பிரித்துப் பார்த்து வாங்கு. பல பைகளில் அலசாத நார்க்கழிவும் பேருக்குக் கொஞ்சம் உரமும்தான் இருக்கும். நம் கையால் கலந்தால் எதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

செடி பிடித்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தரம் பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அளவு அது, எனக்கும் அதுவே சரியாக இருக்கிறது. மாடு தேடி எங்கே போவது என்பாய். உனக்கு மீன் அமிலம் எளிது. மார்க்கெட்டில் மீன் கழிவு வாங்கி, அதே எடை வெல்லம் பொடித்துப் போட்டு, மூடி வை. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் கவிச்சி போய்ப் பழவாசனை வரும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் விடு. லிட்டருக்கு 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு போகம் முடிந்த மண்ணைக் கொட்டிவிடாதே. வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, காயவைத்து, கால் பங்கு மண்புழு உரமும் கொஞ்சம் புண்ணாக்கும் சேர்த்து மறுபடி மூடி வை. ஆனால் தக்காளி இருந்த மண்ணில் அடுத்து கத்தரியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்று. கீரையோ கொத்தவரையோ போடு.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்த வாரமே கலவையை மூடி வைத்துவிட்டால் ஆடி பிறக்கும்போது சரியாக இருக்கும். நாற்றை அதுவரை சின்னக் கப்பில் விட்டு வை.

ஆவணியில் என் தம்பி மகள் கல்யாணம் தாம்பரத்தில். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறோம், உன் வீட்டில்தான் தங்கல். நார்க்கழிவுக் கட்டி நாலு கொண்டு வருகிறேன், அங்கே விலை கொடுத்து வாங்காதே. பையை மாடிக்குத் தூக்க ஆள் மட்டும் சொல்லி வை. பிடுங்கிய செடியின் வேரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அண்ணாவுக்கு என் வணக்கம், பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
சரசு