கூரையைக் கடைசியில் பார்க்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த விலையில் பழைய திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வார இறுதிகளில் ஓட்டுவது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதற்குப் பெரும் செல்வம் தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது உண்மை. ஆசை மட்டும் இருந்து வழி தெரியாமல் நிற்பவர்களுக்கு அந்தச் சொல் தைரியம் கொடுக்கும். ஆனால் அதே கட்டுரையில் இரண்டு அறிவுரைகள் தவறாக வந்திருக்கின்றன. மிகக் குறைவாக ஓடிய வண்டியாகத் தேடிப் பிடியுங்கள் என்பது ஒன்று. கூரையில் சிறு குறை இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், எஞ்சின்தான் முக்கியம் என்பது மற்றொன்று. இவற்றை நம்பி ஒருவர் பணத்தை இழப்பதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குஷன் வேலை செய்பவன். இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கை உறை, கதவு அட்டை, மடக்குக் கூரை எல்லாம் தைக்கிறேன். எஞ்சினைப் பற்றி மெக்கானிக்குகள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கூரையைப் பற்றியும் அதன் வழியாக உள்ளே வரும் தண்ணீரைப் பற்றியும் எனக்குத் தெரியும்.

நான் முதலில் வாங்கிய திறந்த கார் பத்தொன்பது வயதானது. மீட்டரில் 41,000 கிலோமீட்டர்தான் காட்டியது. அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. வண்டி உண்மையிலேயே அவ்வளவுதான் ஓடியிருந்தது. மீதிக் காலமெல்லாம் உறை போட்டு ஒரு மரத்தடியில் நின்றிருந்தது. பெயிண்ட் பளபளத்தது, எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. கூரைத் துணியைத் தடவிப் பார்த்தேன், தையலையும் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. அதற்குமேல் எதையும் பார்க்கத் தோன்றாதபடி அந்த 41,000 என்ற எண் என்னை மயக்கிவிட்டது.

மூன்று மழை கழிந்ததும் உள்ளே ஒரு வாடை வந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அதுதான். இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினேன். மேலே தொட்டால் காய்ந்திருந்தது. அடியில் இருந்த பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் கொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ளீடற்ற ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். வெல்டிங் செய்பவர் அதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெதுவாக அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே நாங்கள் கண்ட பளபளப்பு, ஓட்டையை நிரப்பப் பூசும் பட்டிப் பசைக்கு மேல் அடித்த பெயிண்ட். பட்டிக்கு அடியில் இரும்பு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மற்ற கார்களிலும் அந்தத் தகட்டுப் பெட்டி அரித்துப்போவது ஆபத்துதான். திறந்த காரில் அது இன்னும் மோசம். சாதாரணக் காரின் உடலை மேலிருந்து இழுத்துப் பிடிக்கக் கூரைத் தகடு உண்டு. இதில் அது கிடையாது. தரையும் இந்த இரண்டு பெட்டிகளும்தான் வண்டி முறுக்கிக்கொள்ளாமல் தாங்குகின்றன. அவை உளுத்துவிட்டால் மேடு பள்ளத்தில் முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கும், கதவு பிடிக்கும், மோதல் என்று வந்தால் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய இடத்தில் காகிதம்தான் இருக்கும். அந்த வண்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு அதை வாங்கிய விலையைத் தாண்டியது. உதிரிபாகங்களுக்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தண்ணீர் அங்கே எப்படிப் போனது? கட்டுரையில் விடுபட்டுப்போனது இதுதான். துணிக்கூரை முழுத் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி அமைக்கப்பட்டதே இல்லை. கூரையின் பின் ஓரத்தில், துணிக்கு அடியில், ஒரு வாய்க்கால் உண்டு. கூரைமேல் விழும் நீரின் ஒரு பகுதி அதில் இறங்கி, இரு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியே குழாய்களில் புகுந்து வண்டிக்கு அடியில் வெளியேறும். மரத்தடியில் நின்ற வண்டியில் இலைச் சருகும் பூந்தாதும் தூசியும் அந்தத் துளையில் சேரும். சேர்ந்தது களிமண்ணாக இறுகும். பிறகு வரும் நீருக்குப் போக்கிடம் இல்லை. வாய்க்கால் நிரம்பி உள்பக்கம் வழிகிறது. ஓடாமல் நின்ற வண்டியில் இதை யாரும் கவனிப்பதில்லை, அடியில் தேங்கிய ஈரம் உலர்வதும் இல்லை. கிலோமீட்டர் குறைவாக இருப்பதைத் தகுதியாகச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் இந்தக் கதை தொடர்கிறது. முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ இசட் 4-இல் கூரையை மடக்கும் மோட்டார், அந்த நீர் வடியும் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. குழாய் அடைத்தால் மோட்டார் மூழ்கிக் கெட்டுப்போகும். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்புக் கருவியின் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. தரைவிரிப்பில் நீர் தேங்கினால் அது செத்துப்போய் வண்டி கிளம்பாமல் நின்றுவிடும். பாக்ஸ்டர் என்றதும் எல்லோரும் எஞ்சினுக்குள் இருக்கும், உடைந்தால் எஞ்சினையே கெடுத்துவிடும் ஒரு பேரிங்கைப் பற்றியே பேசுகிறார்கள். அது பேச வேண்டியதுதான். இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பதற்கோ காசு ஒன்றும் ஆகாது.

இந்த வண்டிகள் இன்று குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எம்.ஜி.பி., டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற எளிய பிரிட்டிஷ் திறந்த கார்கள் இரண்டும் 1980-இல் உற்பத்தியை முடித்துக்கொண்டன. அந்த வகையே அழிந்தது என்று பலரும் நினைத்திருந்த நேரத்தில், 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 காரை வைத்தது. ஒரு டன்னுக்குக் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், கையால் மடக்கும் கூரை. அது விற்ற வேகத்தைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1995, 1996 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஃபியாட் பார்க்கெட்டா, எம்.ஜி.எஃப்., பி.எம்.டபிள்யூ இசட் 3, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., பாக்ஸ்டர் என்று வரிசையாக வந்தன. அந்த அலையில் வந்தவைதான் இன்று நம் கைக்கு எட்டும் விலையில் நிற்கின்றன. எம்.எக்ஸ்-5 மட்டும் தயாரிப்பில் 2016-இல் பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டியது. அதனால் அதற்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. முதல்முறை வாங்குபவருக்கு வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் இரண்டாவது கார் அதுதான். 1994-ஆம் ஆண்டு வண்டி, 1.8 லிட்டர். மீட்டரில் 1,87,000 கிலோமீட்டர். அதைப் பார்த்ததும் உடன் வந்த நண்பர் திரும்பிப் போய்விடலாம் என்றார். விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு அம்மையார். நாங்கள் பானெட்டைத் திறக்கப் போனோம். "அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இங்கே வாருங்கள்" என்று பின்பக்கம் அழைத்தார். கூரையைப் பாதி மடக்கி, இருக்கைப் பட்டைக்குப் பின்னால் மூலையில் இருந்த துளையைக் காட்டினார். கையில் ஒரு செம்பு நிறைய தண்ணீர் வைத்திருந்தார். "நீங்கள் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பாருங்கள்" என்றார். குனிந்தேன். அவர் ஊற்றினார். இரண்டு நொடியில் என் கண்ணுக்கு எதிரே தண்ணீர் நூல் பிடித்தாற்போல் தரையில் விழுந்தது. எழுந்து மறுபக்கம் போனேன். அங்கேயும் ஊற்றினார், அங்கேயும் விழுந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்வதாகச் சொன்னார். அவர் வைத்திருந்த ரசீதுக் கட்டில் டைமிங் பெல்ட் இரண்டு முறை, டயர், கிளட்ச் சிலிண்டர், பிரேக் ஆயில் என எல்லாமே தேதியோடு இருந்தன. நான் பேரம் பேசவில்லை. அப்படிப் பேணியவரிடம் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: வண்டியைச் சோதிக்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் தரைவிரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து உடல் பாரம் கொடுத்து அழுத்துங்கள், இருக்கைக்குப் பின்னாலும் டிக்கியிலும்கூட. ஈரம் மேலே தெரியாவிட்டாலும் அழுத்தினால் வரும். பிறகு அந்தத் தண்ணீர்ச் சோதனை. விற்பவர் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். இரும்பு இருந்தால் ஒட்டும், பட்டி இருந்தால் வழுக்கும். கூரை மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் இரண்டு கதவுகளையும் மூடிப் பாருங்கள். ஓசை ஒன்றுபோல் இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு அருகே வந்தால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2315 என்றிருந்தால் அது 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வார இறுதி வண்டிகளில் டயர் தேய்வதில்லை, வயதாகிக் காய்ந்து இறுகிப்போகிறது. டயரின் வரிப்பள்ளங்கள் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்களை நான் அறிவேன். மழையில் அந்த டயர் சாலையைப் பிடிக்காது.

துணியைப் பற்றி என் தொழிலிலிருந்து சில சொற்கள். துணி கிழிவதற்கு முன் தையல் நூல் வெயிலில் மக்கும். கூரையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து மடிப்பு வரிகளை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஊசித்துளைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நூல் தளர்ந்துவிட்டது. அதை நான் மறுபடி தைத்துவிட முடியும், அது பெரிய செலவில்லை. சட்டத்தின் மூட்டு உராய்ந்து ரெக்சின் ஓட்டையாகியிருந்தால் முழுக்கூரையும் மாற்றத்தான் வேண்டும். எம்.எக்ஸ்-5 முதல் தலைமுறையில் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே மடக்கினால், அதுவும் குளிரில், மடிப்பு விழுந்த இடத்தில் வெடிக்கும். 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் கண்ணாடி வைத்தார்கள், அந்தத் தொல்லை ஒழிந்தது. நனைந்த கூரையை எந்தக் காலத்திலும் மடக்கி வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். அடைத்த குழாயில் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். குழாய் மெல்லியது, கிழிந்துவிடும், கழன்றும் போகும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் இழையும் வெதுவெதுப்பான நீரும் பொறுமையும் போதும்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை கிளப்பி ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நன்மை என்று கட்டுரையில் படித்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணெய் சூடேறாது, உள்ளே படியும் ஈரம் ஆவியாகாது, பேட்டரியும் நிரம்பாது. கிளப்பினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். வாங்கியதே அதற்குத்தானே!

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் உள்ள தொகை முழுவதையும் வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுக்கென்று ஒதுக்குங்கள். டயர், பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி என்று அது கட்டாயம் கேட்கும். அந்தப் பங்கு போக மிஞ்சும் தொகைக்கு என்ன வண்டி கிடைக்குமோ அதுதான் உங்கள் வண்டி.

நான் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. விடியலுக்குச் சற்று முன் கூரையை மடக்கிவிட்டு, யாரும் இல்லாத சாலையில் மூன்றாம் கியரில் ஒரு நீண்ட வளைவைத் திரும்பும்போது ஈர மண்ணின் வாசனையும் எஞ்சின் ஓசையும் ஒன்றாக வந்து சேர்வதை நான் சொற்களில் கொண்டுவர முடியாது. வேகமாகப் போக வேண்டியதில்லை, சிறிய வேகத்திலேயே வண்டி பேசுகிறது. ஆறு நாள் ஊசியோடு குனிந்து கிடந்த முதுகு ஏழாம் நாள் நிமிர்கிறது. இது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன், முதல் வண்டியிலேயே கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னைப் போல் இரண்டாவது வண்டி வரை யாரும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இடம் குறைவாக இருந்தால் இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அம்மையார் செம்பில் தண்ணீர் ஊற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குஷன் தொழிலாளி