மொட்டை மாடிச் சாவியைக் கொடுங்கள்: குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் சார், செயலாளர் மேடம், நம் வாட்ஸ்அப் குழுவின் அட்மின்கள் அனைவருக்கும்,

வணக்கம். 2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு, முழு சந்திர கிரகணத்தைப் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு முன்னால் நம் மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும். கதவைப் பூட்டச் சொன்னதே நீங்கள்தான் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மொட்டை மாடிச் சாவி குடியிருப்பவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வானத்தில் பார்க்க ஏதாவது இருக்கும் இரவுகளிலாவது அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இதை ஆங்கிலத்தில் எழுதிப் பொதுக் குழுவில் போட்டிருக்கலாம். ஆனால் "பிள்ளைகளை இன்று இரவு வெளியே விடாதீர்கள்" என்ற செய்தி நம் தமிழ்க் குடும்பங்களின் குழுவில், தமிழில்தான் வந்தது. பதிலும் தமிழிலேயே இருக்கட்டும். இதே கோரிக்கையைக் கன்னடத்தில் எழுதித் தருவதாக எதிர்வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். அவருடைய பேரனும் அன்று மாடிப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் யாரும் அங்கே வரவில்லை.

பிள்ளைகள் பல நாளாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எல்லா நேரத்தையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 9.57-க்கு நிழல் தொடும், 11 மணிக்கு நிலா முழுவதும் நிழலுக்குள் போகும், 12.22 வரை உள்ளேயே இருக்கும், மொத்தம் 82 நிமிடம். ஒருவர் பைனாகுலர் கொண்டு வந்தார். இன்னொருவர் பாய் கொண்டு வந்தார். என் மாமியார் கிரகணம் என்றால் சாப்பாட்டுப் பாத்திரங்களில் தர்ப்பை போடாமல் இருக்க மாட்டார், அன்றும் போட்டார். கிரகணம் விட்ட பிறகு பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று ஒரு டப்பா முறுக்கையும் எடுத்துக்கொண்டு, முட்டி வலியோடு படியேறி வந்தார். வழக்கத்தை விடாதவர், நிலாவையும் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டுக்கும் அவர் மனதில் இடம் இருந்தது. மேலே வந்தால் கதவில் புதுப் பூட்டு.

செக்யூரிட்டி அண்ணாவிடம் கேட்டால், சாவி ஆபீஸில் இருக்கிறது, மேடம் சொன்னால்தான் தர முடியும் என்றார். அவர் மேல் தவறில்லை. மேடத்துக்குச் செய்தி அனுப்பினோம். இரண்டு டிக்கும் நீலமாக மாறின, பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் சார் குழுவில் ஒரு வரி போட்டார்: குழந்தைகளின் உடல்நலத்துக்காக எடுத்த முடிவு.

பிள்ளைகள் இறங்கிப் போகவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், மேல் படிகளில், ஒரே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நம் கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் தொலைநோக்கிகள் வழியாகக் கிரகணத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அன்று எங்களுக்குக் கிடைத்தது அது மட்டும்தான். படிக்கட்டில் சிக்னல் சரியாக இல்லாததால் படம் அடிக்கடி நின்று நின்று போனது. நிலா தலைக்கு மேலே, ஓர் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "ஆன்ட்டி, நெஜ நிலாவும் இப்போ இந்தக் கலர்லதான் இருக்குமா?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். அதற்குச் சரியான பதில், கதவைத் திறந்து காட்டுவது. சாவி இல்லாமல் நான் என்ன காட்டுவது?

பால்கனியிலிருந்து பார்த்திருக்கலாமே என்று ஒருவர் பிறகு எழுதியிருந்தார். அன்று நள்ளிரவு நெருங்கும்போது பெங்களூரில் நிலா ஏறக்குறைய உச்சியில் இருந்தது. பால்கனிக்கு மேலே மேல்வீட்டுக்காரரின் பால்கனி இருக்கிறது. கீழே இறங்கினால் ஒரு பக்கம் பக்கத்து டவர், மறு பக்கம் கண்ணைக் குத்தும் வாசல் விளக்குகள். நம் வளாகத்தில் முழு வானமும் தெரியும் இடம் மொட்டை மாடி ஒன்றுதான். அதனால்தான் அந்தச் சாவியையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

சரி, உடல்நலத்துக்கு வருவோம். அன்று மாலை குழுவில் வந்த ஃபார்வர்டு, கிரகண நேரத்தில் ஆபத்தான கதிர்கள் பூமிக்கு வரும் என்றது. எந்தக் கதிர், எங்கிருந்து வரும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. சந்திர கிரகணத்தில் நடப்பது இவ்வளவுதான்: சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவில் பூமி வந்து நிற்கிறது. நிலா பூமியின் நிழலுக்குள் போவதால், மற்ற பௌர்ணமிகளைவிட அன்று நமக்கு வரும் வெளிச்சம் மிகவும் குறைவு. எந்தக் கதிரும் கூடுதலாக வருவதில்லை. பூமியின் காற்று மண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து அனுப்புவதால் நிலா செம்பு நிறமாகிறது. அந்த நேரத்தில் பூமியின் விளிம்பில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் அந்தி சாய்கிறதோ, அந்த ஊர்களின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து நிலாவின் மேல் விழுகிறது. நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது. சூரிய கிரகணம் வேறு விஷயம், அதை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. சந்திர கிரகணத்துக்குக் கண்ணாடியும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

அந்த ஃபார்வர்டின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்ததை யாராவது கவனித்தீர்களா? பல கை மாறி வந்த செய்தி என்று வாட்ஸ்அப்பே வைக்கும் அடையாளம் அது. வதந்திகளால் உயிர்கள் போன பிறகு, 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி அவர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள். 2020-ல் இப்படிப் பல கை மாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்குத்தான் அனுப்ப முடியும் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படியும் தாண்டித் தாண்டி வந்து நம் மாடிக் கதவைப் பூட்டிவிட்டது அந்தச் செய்தி. நள்ளிரவில் காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்துத் தள்ளி வையுங்கள் என்ற செய்தியை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியும் என்று ஆண்டுதோறும் ஒன்று வரும். 2003-ல் அந்தத் தேதியில் செவ்வாய் உண்மையிலேயே பூமிக்கு மிக அருகில் வந்தது. அருகில் என்றால் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர். அப்போதும் வெறும் கண்ணுக்கு அது ஒரு பிரகாசமான புள்ளிதான். அட்மின்களே, ஒரு செய்தியை நம்பி ஒரு கதவைப் பூட்டுவதற்கு முன்னால், அதைச் சொன்னது யார் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள்.

இணையம் என்றாலே எனக்கு வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அதன் மேல் பெரிய பிரியம் உண்டு. 2019-ல் இதே செப்டம்பர் 7 அதிகாலையில்தான் சந்திரயான் 2-இன் விக்ரம் கலம் நிலாவில் தரையிறங்கும்போது தொடர்பு அறுந்தது. அது எங்கே விழுந்தது என்று உலகமே தேடியபோது, மதுரைக்காரர் சண்முக சுப்பிரமணியன் சென்னையில் தன் வீட்டிலிருந்தபடியே, நாசா இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்த நிலாப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, உடைந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்தார். அந்த டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. நம் கையில் இருக்கும் அதே இணையம். அதை வைத்து அப்படியும் செய்யலாம்.

ஜூலையில் நடந்தது இன்னொன்று. இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தபோது, ஒரு மாலை அந்த நிலையம் நம் ஊருக்கு மேலே போகும் என்று பிள்ளைகள் இணையத்தில் நேரம் பார்த்து வைத்திருந்தார்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. தரையில் இருட்டிவிட்டாலும் மேலே அதன் மீது வெயில் படுவதால் நட்சத்திரத்தைவிடப் பளிச்சென்று நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். ஆனால் வானத்தைக் கடக்க ஆறு நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஆபீஸைத் திறந்து, சாவியை எடுத்து, ஒப்புதல் வாங்கி, கதவைத் திறக்க முடியுமா? முடியவில்லை. அதற்குள் ஓர் இந்தியர் நம் தலைக்கு மேலே கடந்து போய்விட்டார்.

இதை எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இஸ்ரோவின் தலைமையகம் இருக்கும் ஊர் இது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்குச் சந்திரயான் 3 நிலாவில் இறங்கியபோது அதை வழிநடத்திய கட்டுப்பாட்டு அறை நம் பீன்யாவில் இருக்கிறது. நிலாவிலிருந்து வந்த சிக்னலைப் பிடிக்கும் 32 மீட்டர் ஆண்டெனா ஊருக்கு வெளியே பியாலாலுவில் இருக்கிறது. அன்று பார்ட்டி ஹாலில் பெரிய திரை கட்டி எல்லோரையும் கூப்பிட்டது இதே சங்கம்தான், அதை நான் மறக்கவில்லை. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று குழுவில் எத்தனை பேர் பெருமையாக எழுதினோம்! இந்த ஆண்டும் தேசிய விண்வெளி நாளுக்குப் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி வைத்தீர்கள், அட்டையில் செய்த ராக்கெட்டுகளுக்குப் பரிசும் கொடுத்தீர்கள். சரியாகப் பதினைந்து நாள் கழித்து, அதே பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கதவு பூட்டியிருந்தது.

பூட்டு மாடிக்கு மட்டும் விழவில்லை. கீழே பந்து விளையாடிய இடத்தில் இப்போது கார் நிற்கிறது. பூங்காவில் சைக்கிள் கூடாது, நடைபாதையில் ஸ்கேட்டிங் கூடாது, லிஃப்ட் பக்கம் கூட்டமாக நிற்கக் கூடாது. கோளரங்கத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றால் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலைத் தாண்டுவதற்குள் காட்சி தொடங்கிவிடும். அப்புறம் பொதுக்குழுவில் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்போதும் போனிலேயே இருக்கிறார்கள் என்று நாமே கவலைப்படுகிறோம். அன்று இரவு அவர்கள் போனை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களைப் போனுக்கே திருப்பி அனுப்பியது நாம்தான். செல்போன் ஆண்டெனாவைப் பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் மாடிக் கதவு திறக்கிறது. வாடகை தருகிறார்கள், நியாயம்தான். மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கட்டும் எங்களுக்கும் அது திறக்க வேண்டும்.

பாதுகாப்புதான் உங்கள் உண்மையான கவலை என்றால் அதை நான் மதிக்கிறேன். கைப்பிடிச் சுவர் பெரியவர்களுக்கு நெஞ்சளவு இருக்கிறது. சோலார் ஹீட்டர் குழாய்கள் பக்கம் ஒரு கயிறு கட்டினால் போதும். சாவியைச் செக்யூரிட்டி மேசையில் வைத்து, எடுப்பவர் நோட்டில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதட்டும். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருப்போம் என்று பெற்றோர்கள் பேசி வைத்திருக்கிறோம். முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். கயிறும் நானே வாங்கித் தருகிறேன்.

போன கிரகணத்தை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. 2026 மார்ச் 3-ல் ஒன்று உண்டு. ஆனால் நமக்கு நிலா உதிக்கும்போதே முழு கிரகணம் முடிந்திருக்கும், கடைசித் துளிதான் தெரியும். தொடக்கம் முதல் முடிவு வரை இந்தியாவில் பார்க்கக்கூடிய அடுத்த முழு சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு. நோட்டில் நேரம் எழுதி வைத்த அந்தப் பெண் அப்போது பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் சனி கிரகம் அவ்வளவு காலம் காக்க வைக்கவில்லை. வருகிற செப்டம்பர் 21-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அது சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. இரவு முழுவதும் வெறும் கண்ணுக்கே தெரியும். எங்களில் ஒருவரிடம் சின்னத் தொலைநோக்கி இருக்கிறது. அதில் வளையமும் தெரியும், இந்த ஆண்டு அது நமக்குக் கிட்டத்தட்ட விளிம்பைக் காட்டி நிற்பதால் மெல்லிய கோடாகத் தெரியும். அன்று மகாளய அமாவாசை, நிலா வெளிச்சமும் இருக்காது. அன்றிரவு ஒரு பகுதி சூரிய கிரகணமும் நடக்கிறது. அது நியூசிலாந்து, அண்டார்டிகா பக்கம் தெரியும், இந்தியாவில் தெரியாது. நமக்கு அது நடுராத்திரி. அதை வைத்தும் ஃபார்வர்டுகள் வரும். தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கதவைப் பூட்டிவிடாதீர்கள்.

21-ஆம் தேதி இரவு 8 மணி முதல் 11 மணி வரை மொட்டை மாடியைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் ஒரு பதில் போட்டால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். நீங்களும் குடும்பத்தோடு மேலே வாருங்கள். மாமியார் முறுக்கு சுடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பி பிளாக் குடியிருப்பாளர்,
படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் பெற்றோர்கள் சார்பாகவும்
பெங்களூரு