ஒன்பது மாதம் பொறுங்கள், அண்ணன்மார்களே

கீழக்கரையிலிருந்து தொண்டி வரை கடற்கரை ஊர்களில் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவினருக்கும் அணிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில்தான் நம் பையன்கள் ஊரில் இருப்பார்கள். எழுவர் போட்டிகளும் வரிசை கட்டும். அழைப்பு அனுப்புமுன் ஒன்றைக் கேட்கிறேன்: முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சை செய்தவனை ஒன்பது மாதம் முடியாமல் களத்தில் இறக்காதீர்கள்.

நான் ஐந்தாம் மாதத்தில் இறங்கினேன். வலி இல்லை, வீக்கம் இல்லை, வள்ளத்தை மணலில் தள்ளவும் முடிந்தது. "அரையிறுதிக்கு ஆள் குறைகிறது, நீ வந்து நின்றால் போதும்" என்றார்கள். பந்து வந்தால் கால் நிற்குமா? யாரும் என்னைத் தொடவில்லை. ஓட்டத்தில் சட்டென்று திரும்பினேன், முழங்காலுக்குள் 'டப்' என்றது. மறுபடி அறுவை, மறுபடி வட்டிக்குக் கடன்.

அழைத்தவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்தால், அதற்குப் பதிலாக, தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற்சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அது உடனே ஜவ்வாகிவிடாது. முதலில் தளரும், புது இரத்த ஓட்டம் பிடித்த பிறகு மெல்லத்தான் இறுகும். இரண்டாம், மூன்றாம் மாதங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். வலியோ அதற்குள் போய்விடும். என்னை ஏமாற்றியது அதுதான்.

2016-இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வாளர்களின் ஆய்வு, ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்கிறது. நாள் கணக்கு மட்டும் போதாது. அந்தக் காலின் தொடை வலிமையும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் மறு காலின் அளவில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். "கடல் மணலில் ஓடு, சரியாகிவிடும்" என்னும் பெரியவர்களே, தளர்ந்த மணலில் பாதம் ஒருபக்கமாகப் புதையும். தொடை வலுக்காதவனின் முழங்கால் அங்கேதான் முறுக்கிக்கொள்ளும்.

நம் ஊர்ச் சுவர்களில் இருக்கும் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மரையே பாருங்கள். 2023 அக்டோபரில் உருகுவேக்கு எதிராக ஜவ்வு அறுந்தது. மீண்டும் களமிறங்கியது 2024 அக்டோபரில். அத்தனை மருத்துவர்கள் கூடவே இருந்தும் ஓராண்டு.

பெயர்ப்பதிவின்போதே அறுவை பற்றிக் கேளுங்கள். ஆள் குறையும் அணி கடைசி நேரத்தில் வேறொருவரைச் சேர்க்க இடம் கொடுங்கள். அப்படியொரு விதி இருந்திருந்தால் என் வீட்டுக் கதவை யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். பரிசுத் தொகையில் கொஞ்சம் ஒதுக்கி, அடிபட்டவன் பயிற்சிக்காக ராமநாதபுரம் போய்வர பஸ் செலவுக்குக் கொடுங்கள். வீட்டில் முடங்கிக் கிடப்பவனை மைதானத்துக்கு அழைத்து, ஏதாவது பொறுப்பு கொடுங்கள். அந்தத் தனிமை வலியைவிடக் கொடியது.

இரண்டாம் அறுவைக்குப் பின் எனக்கு இது நான்காம் மாதம். போட்டிக்கு வருவேன். கோட்டுக்கு வெளியே கொடி பிடிக்க ஓர் இடம் வைத்திருங்கள்.

உங்கள் தம்பி,
பெரியபட்டினம் பக்கத்து ஊர் ஆட்டக்காரன்