டிவிஷன் பெயரை வெட்டாதீர்கள்

தமிழ் நாளிதழ்கள், வானொலிகளின் மரண அறிவித்தல் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற வாரமும் ஒரு மலையக மரண அறிவித்தல் தோட்டத்தின் பெயரோடு நின்றுவிட்டது. குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ‘கீழ் டிவிஷன்’ அச்சில் இல்லை.

டிவிஷன் என்பது தோட்டத்தின் உட்பிரிவு. ஒரே தோட்டம்தான், ஆனால் மேல் டிவிஷன் ஒரு சரிவில், கீழ் டிவிஷன் இன்னொரு சரிவில். பஸ்ஸில் இறங்கும் சந்தி வேறு, ஏறும் பாதை வேறு, பல இடங்களில் மயானமும் வேறு. கொழும்பில் கடையில் வேலை செய்பவர் இரவு பஸ் பிடித்து வந்து சந்தி மாறி இறங்கினால், தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் ஏறி, சாவு விழாத லயத்தை, அதாவது வேறொரு தொழிலாளர் வரிசை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்க வேண்டும். மழையென்றால் ஆட்டோவும் ஏறாது. லயத்துக் காம்பராவில் பிரேதத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது? இரண்டு மணிக்கு எடுப்பதென்றால் எடுத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு வந்து சேர்பவருக்கு மண்மேடுதான்.

நகரத்தில் வீட்டு இலக்கம் செய்கிற வேலையை இங்கே டிவிஷன் பெயர் செய்கிறது. பல லயங்களுக்குத் தனி முகவரியே கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடும். அது தனிக் கதை, அதை அமைச்சிடம்தான் கேட்க வேண்டும்.

இடம் போதவில்லை என்பீர்கள். ‘அன்னார்’ என்று தொடங்கி சம்பந்தி, பூட்டப்பிள்ளை வரை போகிற பட்டியலுக்கு இடம் இருக்கிறதே! முதல் வரியில் பெயரைப் போடுங்கள், பக்கத்தில் கூப்பிடும் பெயரையும். அடையாள அட்டையில் உள்ள பெயர் பக்கத்து லயத்துக்கே தெரியாது. அடுத்து தோட்டம், டிவிஷன், இறங்கும் சந்தி. பிறகு எடுக்கும் நேரம், நல்லடக்கமா தகனமா என்பது. உறவுமுறை கடைசியில் வரட்டும்.

வானொலியார் டிவிஷனையும் நேரத்தையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். குறுக்கே மலை நின்றால் எஃப்.எம். இரைந்துபோகும், முதல் தடவை விட்டதை இரண்டாம் தடவை பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம் என்று 2023இல் ‘மலையகம் 200’ பற்றி எழுதித் தள்ளினீர்கள். அதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களைப் படம் பிடித்தீர்கள். இருநூறு வருடத்துக்கு இடம் இருந்தது. நேற்று செத்தவர் எந்த மலையில் கிடக்கிறார் என்று சொல்லத்தான் இரண்டு சொல்லுக்கு இடமில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். அறிவித்தல் படிவத்தில் ‘டிவிஷன்’, ‘இறங்கும் சந்தி’ என்று இரண்டு கட்டங்களைச் சேருங்கள். நிரப்பாமல் வந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள். நிரப்பி வந்தால், தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து மரண உதவிச் சங்கத்தினர்