ஒத்திகைப் போட்டிக்குக் கோப்பை வேண்டாம்: மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போட்டிக் காலம் தொடங்குவதற்கு முன் நீங்கள் நடத்தும் ஒத்திகைப் போட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பருவம் முழுவதிலும் மாணவர்கள் மிக அதிகமாகக் கற்கும் நாள் அதுதான் என்பது மாணவர் அணிக்கு வழிகாட்டியாக இருக்கும் என் உறுதியான எண்ணம். அந்த நாள் வீணாவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தரவரிசைப் பட்டியல், அரையிறுதி, இறுதி, கோப்பை என்று அதை ஒரு குட்டிப் போட்டியாகவே நடத்திவிடுகிறோம். ரோபோவை இன்னும் முடிக்காத அணிகள் வரவே தயங்குகின்றன. வருகிற அணிகளும், ஏற்கெனவே சரியாக வேலை செய்வதை மட்டும் செய்துகாட்டிவிட்டுக் கிளம்புகின்றன. தோற்றாலும் பரவாயில்லை என்று புதிதாக ஒன்றை முயல யாருக்கும் துணிவு வருவதில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ஒத்திகையிலிருந்து தரவரிசையையும் பரிசையும் எடுத்துவிடுங்கள். அதில் மிச்சமாகும் நேரத்தைப் பழுதுபார்க்கவும் மறுபடி ஓட்டிப்பார்க்கவும் கொடுங்கள்.

பட்டறையில் தெரியாத எவையெல்லாம் களத்தில் தெரியவருகின்றன என்று பாருங்கள். மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் ஒன்றான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ஆட்டத்தில் முதல் 30 விநாடி ரோபோ தானாக இயங்க வேண்டும். அடுத்த 2 நிமிடம் மாணவர்கள் ஓட்டுவார்கள். வெக்ஸ் வி5 என்ற இன்னொரு மாணவர் போட்டியில் அது 15 விநாடியும் 1 நிமிடம் 45 விநாடியுமாக இருக்கிறது. இரண்டிலும் சிவப்பு, நீலம் என இரண்டு கூட்டணிகள், கூட்டணிக்கு இரண்டு அணிகள் என ஒரே களத்தில் நான்கு ரோபோக்கள் ஓடும். பட்டறையிலோ ஒரு ரோபோ தனியாக, தடுக்க யாருமில்லாமல், எப்போதும் ஒரே மூலையிலிருந்து புறப்படுகிறது. அங்கே பத்துக்குப் பத்து சரியாக ஓடிய தன்னியக்க நிரல், களத்தில் கூட்டாளியின் ரோபோ மீதே போய் மோதுகிறது. இரண்டு அணிகளும் ஒரே வழியைத் தேர்ந்திருப்பார்கள், இரண்டு பேர் கணக்கும் தனித்தனியே சரியாக இருக்கும். இதற்குத் தீர்வு எளியது. புறப்படும் இடத்தை மாற்றிக்கொள்ளவும், சில விநாடி காத்திருந்து கிளம்பவும் நிரலில் முன்கூட்டியே இடம்விட வேண்டும், ஆட்டத்துக்கு முன் கூட்டாளியிடம் போய்ப் பேச வேண்டும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் மாணவர்கள் இதைச் செய்வதில்லை. ஒரு மோதல் போதும், அடுத்த ஆட்டத்துக்கு முன் தாமாகவே தாளும் பேனாவுமாகக் கூட்டாளியைத் தேடிப் போகிறார்கள்.

சிவப்புப் பக்கத்துக்கு எழுதிய நிரலை நீலப் பக்கத்துக்கு மாற்றும்போது ஒரு கூட்டல் கழித்தல் குறி விட்டுப்போவதும் இப்படித்தான். ரோபோ இடப்புறம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்புறம் திரும்பிச் சுவரில் முட்டி நிற்கும். பாதிக் களத்தை மட்டும் அமைத்துப் பழகுகிற அணிக்கு இந்தப் பிழை தெரியவே வழியில்லை.

பேட்டரி விஷயம் இன்னும் நுட்பமானது. பட்டறையில் ஒரு முறை ஓட்டிவிட்டு அரை மணி நேரம் நிரலைத் திருத்துவோம், பேட்டரியும் அந்த நேரத்தில் சார்ஜரில் இருக்கும். போட்டியில் அடுத்தடுத்து ஆட்டங்கள் வரும். இத்தனை விநாடி மோட்டாரைச் சுற்று என்று நேரத்தை வைத்து எழுதிய நிரல், நிறைந்த பேட்டரியில் ஒரு தூரமும் இறங்கிய பேட்டரியில் வேறொரு தூரமும் போகும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடரை ஏன் பயன்படுத்த வேண்டும் என்பது அன்றைக்குத்தான் மாணவர்களுக்கு உறைக்கிறது. பெரிய ரோபோக்கள் ஓடும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியைப் பயன்படுத்துகிறார்கள். எதிரணி ரோபோவைத் தள்ளிக்கொண்டே கையையும் உயர்த்தினால் பல மோட்டார்கள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும், மின்னழுத்தம் சட்டென்று சரியும். அது 6, 7 வோல்ட் அளவுக்கு இறங்கினால், கட்டுப்பாட்டுக் கருவி தன்னைக் காத்துக்கொள்ள மோட்டார்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ரோபோ திக்குவது போலத் தெரியும். தனியாக ஓடும் ரோபோவில் இந்தக் கோளாறு வராமலே போகலாம்.

இணைப்பு அறுந்துபோவதையும் இங்கே சொல்ல வேண்டும். நுரைத் தரைவிரிப்பில் சக்கரங்கள் உரசி உரசி ரோபோவின் சட்டகத்தில் நிலைமின்சாரம் சேர்கிறது. களத்தின் உலோகச் சுவரிலோ இன்னொரு ரோபோவிலோ இடிக்கும்போது அது பாய்ந்து கட்டுப்பாட்டுக் கருவியையே நிறுத்திவிடக்கூடும். காற்று உலர்ந்திருக்கும் நாட்களில் இது அதிகம். சில நேரம் காரணம் இவ்வளவு பெரிதாகவும் இருப்பதில்லை. மோதிய அதிர்ச்சியில் ஒரு யுஎஸ்பி கம்பி சற்றே நழுவியிருக்கும், அவ்வளவுதான். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே: ரோபோ களத்தின் நடுவில் அசையாமல் நிற்கும். எது காரணம் என்று பிரித்துக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ரோபோவை அணைத்து எடுத்துப்போகாமல், அந்த நிலையிலேயே வைத்து, கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவான தகவல்களைப் பார்க்க வேண்டும். "அடுத்த ஆட்டம் காத்திருக்கிறது, சீக்கிரம் எடுங்கள்" என்று விரட்டும் அட்டவணையில் இதற்கு ஏது இடம்? எட்டு ஆட்டங்களை அவசரமாக முடிப்பதைவிட, நடுவே போதிய இடைவெளி விட்டு நான்கு ஆட்டங்கள் நடத்துவது மேல். அதே கூட்டணியோடு, அதே நிலையிலிருந்து ஓர் ஆட்டத்தை மறுபடி ஆட விரும்பும் அணிக்கும் அனுமதி கொடுங்கள். உண்மையான போட்டியில் கிடைக்கவே கிடைக்காத வாய்ப்பு அது.

ரோபோ விதிப்படி இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் சோதிக்கும் ஆய்வு மேசையையும் கொஞ்சம் மாற்றலாம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் ரோபோ தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கமும் 18 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். கணினி வரைபடத்தில் கச்சிதமாக அடங்கிய ரோபோ, ஒரு திருகின் தலையாலோ வெளியே நீண்ட கம்பியாலோ அளவுப் பெட்டிக்குள் நுழையாமல் நிற்கும். ஒத்திகையில் ஆய்வை முழுமையாகவே நடத்துங்கள், குறைகளை எழுதிக் கையில் கொடுங்கள், ஆனால் ஆபத்தில்லாத குறைக்காகக் களத்துக்குள் விடாமல் தடுக்க வேண்டாம். கூர்முனை, மின்கசிவு, உறையில்லாத கம்பி போன்ற பாதுகாப்புக் குறைகளில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புதிதாக வரும் ஆய்வாளர்களும் நடுவர்களும் பழகுவதற்கும் இதுவே நல்ல நாள். ஒரே விதியை இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருப்பது ஒத்திகையில் வெளிவந்தால் யாருக்கும் இழப்பில்லை. அப்படி எழும் ஐயங்களைத் தொகுத்து, வராத அணிகள் உட்பட எல்லோருக்கும் அனுப்புங்கள்.

முடிக்காத ரோபோக்களைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சக்கரமும் சட்டகமும் மட்டுமே உள்ள ரோபோவோடு வரும் புதிய அணியை வரவேற்றுக் களத்தில் இறக்குங்கள். ஓட்டுநருக்குத் தேவையான பழக்கம் அந்தச் சட்டகத்திலேயே கிடைத்துவிடும்: களத்தின் எதிர்க்கோடியில் தூரத்தைக் கணிப்பது, ரோபோ தன்னை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பாமல் இருப்பது, இரைச்சலுக்கு நடுவே பயிற்சியாளரின் ஒரு குரலை மட்டும் கேட்பது. கை இன்னும் பொருத்தப்படவில்லை என்பதற்காக ஓட்டுநரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பரிசு இல்லாவிட்டால் மாணவர்களுக்கு ஊக்கம் குறையும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதிப்பெண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வோர் ஆட்டத்தின் மதிப்பெண் தாளையும் அந்தந்த அணியிடம் கொடுங்கள். ஒரு பொருளை எடுத்து இலக்கில் சேர்த்துத் திரும்ப எத்தனை விநாடி ஆனது, காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்று அவர்களே கணக்கிடட்டும். தன்னுடைய 20 விநாடி 14 ஆகக் குறைந்ததைத் தாளில் பார்க்கும் மாணவர் அடுத்த வாரம் பட்டறைக்கு வராமல் இருக்கமாட்டார். சுவரில் ஒட்டிய பட்டியலில் கடைசியாகத் தன் பெயரைப் பார்த்தவரைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் முன்பெல்லாம் குறித்த நாளோடு ரோபோவைப் பையில் இட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். 2020 பருவத்திலிருந்து அந்த விதி இல்லை. ஒத்திகையில் கண்ட குறையைப் போட்டி நாள் வரை திருத்தலாம் என்பதால் ஒத்திகையின் மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் முதல் போட்டிக்கு முந்தைய வாரம் ஒத்திகை வைத்தால் இந்தச் சலுகையால் பயனில்லை. புதிய மோட்டார் வந்து சேரவும், கையை மறுபடி வடிவமைக்கவும், பழகவும் குறைந்தது மூன்று வாரமாவது வேண்டும்.

நாளின் கடைசி ஒரு மணி நேரத்தை அட்டவணை இல்லாமல் திறந்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் களத்தில் ஓட்டட்டும், மற்ற அணிகளின் மேசைக்குப் போய் இது எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கட்டும். களம் அமைக்கவும், ஆய்வு மேசையில் புதியவர்களுக்கு உதவவும், எங்கள் அணியின் மூத்த மாணவர்களையும் வழிகாட்டிகளையும் அனுப்பத் தயாராக இருக்கிறோம். அடுத்த பருவத்துக்கான தேதிகளைக் குறிக்க உட்காரும்போது எங்களையும் அழையுங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவர் அணியின் வழிகாட்டி