படிவம் போடும் முன் தறிக்குழிப் பக்கம் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெசவாளர் விவரங்கள் கணினிக்கு மாறுவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. வரவேற்கிறேன், ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் ஈரோட்டில் பண்புசார் ஆய்வு செய்பவள். எத்தனை பேர் என்று எண்ணுவது என் வேலை இல்லை. வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்து, கேட்டு, வேலை செய்கிறவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்து, அவர்களுக்கு வேண்டிய கருவியோ படிவமோ எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களோடு சேர்ந்தே யோசிப்பதுதான் என் வேலை.

பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள், ஒருவர் கையிலிருந்து பாவுக்குள் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களுக்குள்) போகும் நாடாவை, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடத்தை, மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும், ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்குத் தறி நின்றுவிடும். நாடாவுக்குள் வைக்கும் நூல் குச்சியைத் தார் என்பார்கள், அதைச் சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நான் பார்த்த ஒரு படிவத்தில் "நெசவாளர் பெயர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது, தார் சுற்றுகிறவருக்கு இடமே இல்லை. "அம்மணி, நாடா போடறது நானு, வாங்கறது அவரு, இதுல யார் பேர எழுதச் சொல்றீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். படிவத்தை வடிவமைத்தவர் ஒரு பகல் அந்தத் தறிப் பக்கம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. கட்டம் இல்லாதவர் கணக்கில் இல்லை, கணக்கில் இல்லாதவருக்குக் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர்களோடு, தார் சுற்றுவது போன்ற வேலை செய்யும் துணைத் தொழிலாளர்களையும் சேர்த்து எண்ணியது. மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல், அதில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். துணை வேலைக்கும் ஒரு கட்டம் போட்டதால்தானே அந்த வேலை செய்யும் பெண்களும் கணக்கில் வந்தார்கள்?

வேலை செய்கிறவரையும் சேர்த்துக்கொண்டு வடிவமைப்பது ஒன்றும் புதிது இல்லை. நார்வேயில் 1970களிலேயே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் கணினி ஆய்வாளர்களோடு உட்கார்ந்து, எங்கள் பட்டறைக்கு எந்த மாதிரி கணினி வேண்டும் என்று பேசியது. 1981இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சுவீடனிலும் டென்மார்க்கிலும் ஆய்வாளர்கள் அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து, பத்திரிகைப் பக்கம் கட்டும் கணினி முறை எப்படி இருக்கலாம் என்று முதலில் அட்டைப் பெட்டிகளையும் மரப்பலகைகளையும் வைத்தே செய்து பார்த்தார்கள். உங்கள் அச்சகத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். அட்டை என்பதால் தொழிலாளி தயங்காமல் "இது இங்க வேண்டாம், அங்க வை" என்று சொல்ல முடிந்தது.

அதையே இங்கேயும் செய்யலாம். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இருக்கிறது, ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, கோவையிலும் திருப்பூரிலும் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு செயலிக்கு டெண்டர் விடும் முன்பு அதைக் காகிதத்தில் வரைந்து சங்கக் கூட்டத்தில் காட்டட்டும், நெசவாளர்கள் பேனாவால் அடித்துத் திருத்தட்டும். அப்புறம், எடுத்த விவரத்தை அதே சங்கத்தில் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தங்களைப் பற்றி எழுதியது என்ன என்று தெரியாமலே கையெழுத்து போட்டவர்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

விவரம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூலி, நெய்த அளவுக்குத்தான், அதனால் தறி ஓடும் நேரத்தில் போய் நின்று கேள்வி கேட்காதீர்கள். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு வரும் வரை கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள், அப்போது போங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈரோடு